அழகு மட்டும் போதாது, அடுத்தவர் கைக்கும் போய்ச் சேர வேண்டும்

மாணவர்களே, உங்கள் வகுப்பில் கணினியில் கைதேர்ந்த ஒருவர் கட்டாயம் இருப்பார். அவருடைய மடிக்கணினியைத் திறந்தால் திரையே வேறு மாதிரி இருக்கும். நடுவில் பெரிய கடிகாரம், அதன் கீழே இன்றைய கிழமை, ஓரத்தில் நினைவகம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் மெல்லிய பட்டை. ஓய்வு நேரத்தில் நாலு பேர் சுற்றி நின்று பார்ப்பார்கள். “எனக்கும் இதே மாதிரி வேண்டும்” என்று ஒருவர் கேட்பார்.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. “அது கொஞ்சம் கஷ்டம். இந்தக் கோப்பை அங்கே போட வேண்டும், அந்த எழுத்துருவை இங்கே போட வேண்டும். ஒரு நாள் நானே வந்து செய்து தருகிறேன்” என்பார் நம் கெட்டிக்காரர். அந்த ஒரு நாள் வராது. அவர் பல இரவுகள் உட்கார்ந்து செய்த வேலை அவருடைய மடிக்கணினிக்குள்ளேயே தங்கிவிடும். வன்தட்டு பழுதானால் அதோடு போய்விடும்.

இதைத் தவிர்க்க என்ன செய்யலாம்? என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மென்பொருளை வளர வைப்பவை கண்ணைப் பறிக்கும் வசதிகள் அல்ல. யாரும் கைதட்டாத இரண்டு சாதாரண வசதிகளே அதைச் செய்கின்றன. ஒன்று நிறுவி, மற்றொன்று மீண்டும் மீண்டும் பயன்படுத்தக்கூடிய பாணி. இந்த இரண்டையும் புரிந்துகொண்டவர், பிறர் செய்ததைப் பயன்படுத்துகிறவர் என்ற நிலையிலிருந்து பிறருக்குச் செய்து கொடுப்பவர் என்ற நிலைக்கு உயர்கிறார்.

ரெயின்மீட்டர் ஓர் எடுத்துக்காட்டு

விண்டோஸ் கணினியின் முகப்புத் திரையை மாற்றியமைக்க ரெயின்மீட்டர் என்றொரு மென்பொருள் உண்டு. பின்லாந்தைச் சேர்ந்த கிம்மோ பெக்கோலா 2001-இல் இதைத் தொடங்கினார். பின்னர் தன்னார்வ நிரலாளர்கள் பொறுப்பேற்று இன்றுவரை வளர்த்து வருகிறார்கள். இது இலவசம், திறமூல மென்பொருளும்கூட. ஜி.பி.எல். இரண்டாம் பதிப்பு உரிமத்தின்கீழ் வெளிவருவதால், இதன் மூல நிரலை யாரும் படிக்கலாம், மாற்றலாம்.

ரெயின்மீட்டரில் திரைமேல் தோன்றும் ஒவ்வொரு பொருளுக்கும் ‘ஸ்கின்’ என்று பெயர். கடிகாரம் ஒரு ஸ்கின், வன்தட்டின் அளவைக் காட்டும் பெட்டி இன்னொரு ஸ்கின். ஒவ்வொன்றும் ஐ.என்.ஐ. வகையைச் சேர்ந்த எளிய எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறந்து படிக்கலாம். அதற்குள் முக்கியமாக இரண்டு வகைப் பகுதிகள் இருக்கும். ‘மெஷர்’ என்னும் பகுதி ஒரு மதிப்பை அளந்து எடுத்து வரும். செயலி இப்போது 37 விழுக்காடு வேலை செய்கிறது என்பது அப்படிப்பட்ட ஒரு மதிப்பு. ‘மீட்டர்’ என்னும் பகுதி அந்த மதிப்பைத் திரையில் காட்டும். அதே 37-ஐ எழுத்தாகவும் காட்டலாம், பட்டையாகவும் காட்டலாம், ஏறி இறங்கும் கோடாகவும் காட்டலாம்.

அளப்பதையும் காட்டுவதையும் பிரித்து வைத்தது நல்ல சிந்தனை. அறிவியல் கூடத்தில் நீங்கள் செய்வதும் இதுதானே? வெப்பமானியில் அளவை எடுப்பது ஒரு வேலை, அதை வரைபடமாக வரைவது இன்னொரு வேலை.

நிறுவி இல்லாத காலம்

நிறுவி வருமுன் ஒருவர் செய்த ஸ்கின்னை மற்றொருவர் பயன்படுத்த என்னென்ன செய்ய வேண்டியிருந்தது என்று பாருங்கள். ஸிப் கோப்பைப் பதிவிறக்கிப் பிரிக்க வேண்டும். டாக்குமென்ட்ஸ் கோப்புறைக்குள் ரெயின்மீட்டருக்கென உள்ள இடத்தைத் தேடி அதில் வைக்க வேண்டும். தேவையான எழுத்துருக்களைத் தனியாக விண்டோஸில் சேர்க்க வேண்டும். கூடுதல் செருகுநிரல் இருந்தால், உங்கள் ரெயின்மீட்டர் 32 பிட்டா 64 பிட்டா என்று பார்த்துச் சரியானதை எடுத்து அதற்குரிய இடத்தில் வைக்க வேண்டும். பிறகு ரெயின்மீட்டரைப் புதுப்பிக்க வேண்டும்.

ஐந்து படிகள். ஏதாவது ஒன்றில் தவறினாலும் திரையில் ஒன்றும் வராது, அல்லது பாதி வரும். பலர் தவறுவது மிகச் சிறிய இடத்தில். ஸிப் கோப்பைப் பிரிக்கும்போது ஒரு கோப்புறைக்குள் அதே பெயரில் இன்னொரு கோப்புறை உருவாகிவிடும். பாதை ஒரு படி மாறியதால் படமும் எழுத்துருவும் எங்கே என்று ஸ்கின்னுக்குத் தெரியாமல் போகும். தொடக்கநிலைப் பயனருக்கு இது எப்படிப் புரியும்? “எனக்குக் கணினி வராது” என்று முடிவு கட்டிவிடுவார். உண்மையில் குறை அவரிடம் இல்லை.

ரெயின்மீட்டரின் நிறுவி இந்த ஐந்து படிகளையும் ஒரே சொடுக்கில் முடிக்கிறது. ஸ்கின்னை உருவாக்கியவர் எல்லாவற்றையும் ஒரு பொதியாகக் கட்டி அனுப்புகிறார். பெறுபவர் அதை இருமுறை சொடுக்கினால் ஒரு சாளரம் திறக்கும். பொதியின் பெயர், செய்தவர், பதிப்பு, உள்ளே என்னென்ன இருக்கின்றன என்ற பட்டியல் எல்லாம் அதில் தெரியும். சம்மதம் என்றால் ‘இன்ஸ்டால்’ பொத்தானை அழுத்தலாம். ஒவ்வொன்றும் தத்தம் இடத்துக்குப் போய்விடும்.

இந்த நிறுவியில் எனக்கு மிகவும் பிடித்தவை சத்தமில்லாத மூன்று சிறு வேலைகள். முதலாவது, அதே பெயரில் பழைய ஸ்கின் இருந்தால் அதை அழிப்பதில்லை, காப்புக் கோப்புறைக்கு நகர்த்தி வைக்கிறது. இரண்டாவது, இந்த ஸ்கின் இயங்க ரெயின்மீட்டரின் எந்தப் பதிப்பு தேவை, விண்டோஸின் எந்தப் பதிப்பு தேவை என்று செய்தவர் குறித்திருந்தால், அதை முன்கூட்டியே சரிபார்க்கிறது. மூன்றாவது, பயனர் தம் விருப்பப்படி மாற்றி வைத்த ஊர்ப் பெயர், நிறம் போன்ற மதிப்புகளைப் புதிய பதிப்பு வரும்போதும் காப்பாற்ற வழி வைத்திருக்கிறது.

இவை மூன்றும் எதைக் காட்டுகின்றன? நிறுவி என்பது சோம்பேறிகளுக்கான வசதி அன்று. முன்பின் தெரியாத ஒருவரின் நேரத்துக்கும் உழைப்புக்கும் தரும் மரியாதை அது.

ஒரே இடத்தில் மாற்று, எங்கும் மாறும்

இனி இரண்டாவது வசதிக்கு வருவோம். ஒரு ஸ்கின்னில் 12 வரி எழுத்துகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரிக்கும் எழுத்துரு, அளவு, நிறம், இடமா வலமா என்ற ஒழுங்கு, ஓரங்களை வழவழப்பாக்கும் அமைப்பு என்று ஐந்து குறிப்புகள் தேவை. பன்னிரண்டை ஐந்தால் பெருக்கினால் 60 வரிகள். நாளைக்கு வெள்ளை நிறத்தை மஞ்சளாக மாற்ற நினைத்தால் 12 இடங்களில் திருத்த வேண்டும். பதினோரு இடத்தில் திருத்தி ஒன்றை விட்டுவிட்டால், அந்த ஒன்று மட்டும் பல்லிளிக்கும்.

ரெயின்மீட்டரில் ‘மீட்டர் ஸ்டைல்’ என்றொரு வசதி உண்டு. அந்த ஐந்து குறிப்புகளையும் ஒரே ஒரு முறை எழுதி, அந்தத் தொகுப்புக்கு ஒரு பெயர் வைத்துவிட வேண்டும். 12 மீட்டர்களிலும் அந்தப் பெயரைக் குறிப்பிட்டால் போதும். இப்போது 60 வரிகளுக்குப் பதில் 5 வரிகளும் 12 வரிகளும் சேர்ந்து 17 வரிகள். நிறத்தை மாற்ற ஓரிடத்தில் திருத்தினால் போதும்.

ஏதாவது ஒரு வரி மட்டும் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டுமா? அந்த மீட்டருக்குள் அளவை மட்டும் தனியாக எழுதலாம். பாணி சொல்வதைவிட மீட்டர் தானே சொல்வதற்கே முதலிடம். பள்ளிச் சீருடையும் அப்படித்தான். சட்டை எல்லாருக்கும் பொது. மாணவர் தலைவரின் கழுத்துப்பட்டை மட்டும் வேறு. ஒருவருக்காகச் சீருடை முழுவதையும் மறுபடி தைப்பதில்லை.

இன்னொரு படி மேலே போகலாம். பாணிகளைத் தனிக் கோப்பில் எழுதி வைத்து, கடிகாரம், நாள்காட்டி, வன்தட்டு என எல்லா ஸ்கின்களும் அந்த ஒரு கோப்பையே படிக்கும்படி செய்யலாம். அப்போது ஒரு கோப்பைத் திருத்தினால் திரை முழுவதும் மாறும். ரெயின்மீட்டரை நிறுவியவுடன் தோன்றும் ‘இலஸ்ட்ரோ’ என்ற தொடக்க ஸ்கின்களைத் திறந்து பாருங்கள். தலைப்புக்கு ஒரு பாணி, இடப்பக்க எழுத்துக்கு ஒன்று, வலப்பக்க எழுத்துக்கு ஒன்று, பட்டைக்கு ஒன்று என்று எழுதி வைத்திருப்பார்கள். படிக்கப் படிக்க உங்களுக்கே விளங்கும்.

இந்தச் சிந்தனை ரெயின்மீட்டருக்கு மட்டும் சொந்தமானதன்று. இணையப் பக்கங்களின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சி.எஸ்.எஸ். மொழிக்கும் இதுவே அடிப்படை. 1994-இல் ஹோகோன் வியூம் லீ என்ற நார்வேக்காரர் அதை முன்மொழிந்தார். 1996 டிசம்பரில் அதன் முதல் பதிப்பு உலகளாவிய வலைச் சங்கத்தின் பரிந்துரையாக வெளிவந்தது. இன்று நீங்கள் திறக்கும் ஏறக்குறைய எல்லா இணையப் பக்கங்களும் அதன்படிதான் உடுத்தி வருகின்றன.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். பள்ளிக்காக நீங்கள் தட்டச்சு செய்யும் இடுபணியைப் பாருங்கள். வேர்ட் மென்பொருளில் ஒவ்வொரு தலைப்பையும் தேர்ந்தெடுத்து, தடித்த எழுத்தாக்கி, அளவு 16 வைத்து, நீல நிறம் பூசுகிறவர்கள் எத்தனை பேர்? ‘ஹெடிங் 1’ என்ற பாணியைப் பயன்படுத்தினால், ஆசிரியர் “நீலம் வேண்டாம், கறுப்பாக்கு” என்று சொல்லும் நாளில் ஒரே இடத்தில் மாற்றிவிட்டுத் தூங்கப் போகலாம். பொருளடக்கத்தையும் வேர்டே தயாரித்துக் கொடுக்கும். வேர்டின் டாக்எக்ஸ் கோப்பும் உள்ளுக்குள் ஒரு ஸிப் பொதிதான். அதைப் பிரித்துப் பார்த்தால் பாணிகளுக்கென்றே தனிக் கோப்பு ஒன்று இருப்பதைக் காணலாம்.

எதிர்க்கருத்துகளையும் கேட்போம்

“நிறுவி வந்ததால் மாணவர்களுக்குக் கோப்புறை என்றால் என்னவென்றே தெரியாமல் போய்விட்டது” என்று சிலர் சொல்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. கைப்பேசியிலேயே வளர்ந்தவர்கள் பலருக்குத் தாம் சேமித்த கோப்பு எங்கே இருக்கிறது என்று தெரிவதில்லை. அதற்காக எல்லாரையும் ஐந்து படி ஏறச் சொல்வது தீர்வாகாது. தெரிந்துகொள்ள விரும்புகிறவருக்குக் கதவு திறந்திருக்க வேண்டும், அவ்வளவே. ரெயின்மீட்டர் பொதியின் கதவு திறந்தே இருக்கிறது. அதுவும் அடிப்படையில் ஸிப் கோப்பு. அதன் பின்னொட்டை ஸிப் என்று மாற்றினால் உள்ளே இருப்பவற்றை எல்லாம் பார்க்கலாம். முதல் ஸ்கின்னைக் கையாலேயே நிறுவிப் பாருங்கள். இரண்டாவதிலிருந்து நிறுவியைப் பயன்படுத்துங்கள். நிறுவி என்ன செய்கிறது என்பதை அறிந்து அதைப் பயன்படுத்துவதே முறை.

“பாணிகள் வந்தால் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஆகிவிடும், தனித்தன்மை போய்விடும்” என்பது இன்னொரு கருத்து. இதை நான் ஏற்கவில்லை. ஒரு நிறத்தை மாற்ற அரை மணி நேரம் ஆகும் என்றால் யாரும் இரண்டு நிறங்களுக்கு மேல் முயன்று பார்க்க மாட்டார்கள். அரை நிமிடம்தான் என்றால் இருபது நிறங்களை முயல்வார்கள். திருத்துவது எளிதானால் சோதனை பெருகும். சோதனை பெருகினால்தான் தனித்தன்மை பிறக்கும்.

மூன்றாவது எதிர்க்கருத்துதான் கனமானது. நிறுவுவது எளிதானால் கெட்டது நுழைவதும் எளிதாகாதா? ஆகும். ஸ்கின் வெறும் படம் அன்று. அதற்குள் லுவா மொழியில் எழுதிய நிரல் இருக்கலாம். டி.எல்.எல். வகைச் செருகுநிரலும் இருக்கலாம். கணினியில் உங்களுக்கு என்னென்ன உரிமை உண்டோ, அவற்றைப் பயன்படுத்தி அது இயங்கும். ஒரு பொத்தானைச் சொடுக்கினால் வேறொரு நிரல் திறக்கும்படியும் ஸ்கின்னை எழுத முடியும். அதனால்தான் நிறுவி முதலில் பட்டியலைக் காட்டுகிறது. அந்தப் பட்டியலைப் படிக்காமல் பொத்தானை அழுத்துவது, முன்பின் தெரியாதவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுப்பது போன்றது. வெறும் கடிகாரத்துக்கு எதற்குச் செருகுநிரல் என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். புலனத்தில் யாரோ அனுப்பிய பொதியைத் திறக்காதீர்கள். பள்ளிக் கணினியில் ஆசிரியரின் அனுமதி இல்லாமல் எதையும் நிறுவாதீர்கள்.

மற்றொரு பொறுப்பும் உண்டு. பிறர் செய்த ஸ்கின்னின் நிறத்தை மட்டும் மாற்றி உங்கள் பெயரில் வெளியிடுவது திருட்டு. பலர் தங்கள் ஸ்கின்னுடன் உரிமக் குறிப்பையும் எழுதி வைத்திருப்பார்கள். அதைப் படியுங்கள். அனுமதி இருந்தால் மாற்றுங்கள், முதலில் செய்தவரின் பெயரைச் சொல்லுங்கள்.

தமிழில் செய்வோருக்கு

தமிழ் எழுத்துரு ஒவ்வொன்றும் தனித்தனிக் குறியாக்கத்தில் இருந்த காலத்தை உங்கள் ஆசிரியர்களிடம் கேட்டுப் பாருங்கள். கடிதத்தைத் தட்டச்சு செய்து அனுப்பினால், பெறுபவரிடம் அதே எழுத்துரு இல்லையென்றால் திரையில் வெறும் கிறுக்கல் தெரியும். செய்தியோடு எழுத்துருவையும் அனுப்பி, அதை நிறுவும் முறையையும் எழுதி அனுப்ப வேண்டியிருந்தது. ஒருங்குறி வந்த பிறகே அந்தத் தொல்லை குறைந்தது. நம் நாட்டைச் சேர்ந்த முத்து நெடுமாறன் வடிவமைத்த இணைமதி எழுத்துரு ஆப்பிள் கணினிகளில் இயல்பாகவே இடம்பெற்றது. விண்டோஸ் கணினிகளில் முன்பு லதா, இப்போது நிர்மலா யூ.ஐ. என்று தமிழ் எழுத்துரு கூடவே வருகிறது. எதையும் நிறுவத் தேவையே இல்லாதபடி செய்வதுதான் நிறுவியின் உச்சம்.

ரெயின்மீட்டரில் கிழமைகளையும் மாதங்களையும் தமிழில் காட்ட விரும்பினால் இரண்டு செய்திகளை மனத்தில் வையுங்கள். ஒன்று, ஸ்கின் கோப்பை யூ.டி.எஃப்.-16 எல்.இ. என்ற குறியாக்கத்தில் சேமிக்க வேண்டும். இக்கால நோட்பேட் இயல்பாக யூ.டி.எஃப்.-8 முறையில் சேமிக்கும். அப்படியே விட்டால் ‘வெள்ளிக்கிழமை’ என்பது பொருளற்ற குறிகளாகத் தெரியும். இரண்டு, சிறப்பான தமிழ் எழுத்துரு ஒன்றைப் பயன்படுத்தினால், அதன் உரிமம் இடம் கொடுக்கும் பட்சத்தில், ஸ்கின்னின் ‘ரிசோர்சஸ்’ கோப்புறைக்குள் எழுத்துருக்களுக்கான உட்கோப்புறையில் வைத்துவிடுங்கள். ஸ்கின் திறக்கும்போது எழுத்துருவும் தானே ஏற்றப்படும். உங்கள் நண்பர் தனியாக நிறுவ வேண்டியதில்லை.

ஐந்து நிமிடச் சோதனை

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய காரணத்துக்கு வருகிறேன். புத்தாக்கப் போட்டிகளிலும் கணினிக் கழக விழாக்களிலும் மாணவர்கள் அருமையான மென்பொருள்களைக் காட்டுகிறார்கள். நடுவர்கள் பார்ப்பது அழகை, பேச்சை, பதாகையை. பரிசு கிடைக்கிறது, படம் எடுக்கிறார்கள். அதன் பிறகு அந்த மென்பொருளை யாராவது பயன்படுத்துகிறார்களா? அடுத்த ஆண்டு மாணவர்கள் அதைத் தொடர்கிறார்களா? பெரும்பாலும் எழுதியவர் பள்ளியை விட்டுப் போனதும் மென்பொருளும் போய்விடுகிறது. ஒவ்வோர் ஆண்டும் நாம் சுழியத்திலிருந்தே தொடங்குகிறோம். இந்த இழப்பை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

ஆகவே ஒரு பரிந்துரை. போட்டியில் ஐந்து நிமிடச் சோதனை ஒன்றைச் சேர்க்கலாம். மென்பொருளை இதுவரை பார்க்காத மாணவர் ஒருவரை அழைத்து, ஒரு கணினியையும் அந்தப் பொதியையும் கொடுக்க வேண்டும். செய்தவர் வாய் திறக்கக் கூடாது. ஐந்து நிமிடத்துக்குள் அந்த மாணவர் இரண்டு வேலைகளை முடிக்க வேண்டும். ஒன்று, நிறுவி இயக்குவது. மற்றொன்று, எல்லா எழுத்துகளின் நிறத்தையும் ஓரிடத்தில் மாற்றுவது. முதலாவது நிறுவியைச் சோதிக்கும், இரண்டாவது பாணியைச் சோதிக்கும். இதற்கு 100-க்கு 30 புள்ளியாவது தர வேண்டும் என்பது என் கோரிக்கை. ஆசிரியர்கள் இதைப் பரிசீலிக்கலாம்.

ஆசிரியர்கள் முடிவெடுக்கும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம். வரும் பள்ளி விடுமுறையில் ஒரு சின்ன ஸ்கின் செய்யுங்கள். தமிழில் கிழமையும் நேரமும் காட்டினாலே போதும். எழுத்துகளுக்கு ஒரு பாணி எழுதுங்கள். நிறம் மூன்று எண்களால் குறிக்கப்படும். 255, 255, 255 என்றால் வெள்ளை, 255, 255, 0 என்றால் மஞ்சள். மாற்றி மாற்றிப் பாருங்கள். நிறைவாக வந்ததும் ரெயின்மீட்டரின் மேலாண்மைச் சாளரத்திலேயே உள்ள பொதி கட்டும் வசதியைக் கொண்டு பொதியாகக் கட்டுங்கள். பிறகு கணினி அவ்வளவாகத் தெரியாத நண்பர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, பேசாமல் பக்கத்தில் உட்காருங்கள்.

அவர் எங்கே தடுமாறுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து அந்த இடத்தைத் திருத்துங்கள். மறுநாள் இன்னொருவரிடம் கொடுங்கள். உங்கள் உதவி இல்லாமலே ஒருவர் திரையில் உங்கள் கடிகாரம் ஓடத் தொடங்கும்போது வரும் மகிழ்ச்சி, நாலு பேர் சுற்றி நின்று பாராட்டும்போது வருவதைவிடப் பெரிது. ஒரு முறை அனுபவித்துப் பாருங்கள், உங்களுக்கே தெரியும்.